கணக்கைக் காட்டுங்கள், சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்

இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. மூன்றாவது மாதத்தின் முதல் வாரத்தில், இரவு டியூட்டி முடித்து இறங்கி வந்த நர்சுகள், வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரைப் பக்கக் காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி கடுமையான நிதி நெருக்கடியில் இருக்கிறதாம். ஆகவே இந்த மாதம் முதல் நர்சுகளின் சம்பளத்தில் நூற்றுக்கு 25 குறைக்கப்படுமாம். பழைய பாக்கி நிலைமை சீரானதும் தரப்படுமாம். சம்மதிப்பவர்கள் மேட்ரன் அறையில் கையெழுத்துப் போடலாம், சம்மதமில்லாதவர்கள் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போகலாமாம். கீழே ஒரு கையெழுத்து. ஆபீஸ் முத்திரைகூட இல்லை.

மும்பையின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு டிரஸ்டு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. 120 படுக்கைகள் உள்ள ஆஸ்பத்திரி. பெயரை இங்கே எழுதவில்லை. பயந்துகொண்டு அல்ல. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் நம் பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, "எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று நிர்வாகம் எழுந்து போவதற்கு நாமே ஒரு சாக்கைக் கொடுக்க வேண்டாம் என்று நர்சுகள் யூனியனின் கிளை கேட்டுக்கொண்டது. அது நியாயம்தான். தவிரவும் நம் வாசகர்களில் பாதிப் பேருக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் பிறந்த இடம் அது.

அங்கே வேலை செய்யும் 90 நர்சுகளில் 11 பேர் நம் குடும்பத்துப் பெண்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் மகள்கள், மருமகள்கள். நகையை அடகு வைத்து, வங்கியில் கல்விக் கடன் வாங்கி, மூன்று வருஷமோ நாலு வருஷமோ நர்சிங் படித்தவர்கள். சம்பளம் நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை. 18,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு 4,500 போனால் மீதி 13,500. அதில் வாடகை, ரயில் பாஸ், ஊருக்கு அனுப்புவது, கடன் தவணை. கணக்கு எங்கே போய் முட்டுகிறது என்று நாம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் தினம் போடும் கணக்குதான்.

காகிதம் ஒட்டிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை, யூனியன் கிளையின் தலைவரும் செயலாளரும் நம் சங்கக் கூட்டத்துக்கு வந்தார்கள். தலைவர் ரத்னகிரிப் பக்கத்து மராட்டியப் பெண். செயலாளர் மலையாளச் சகோதரி. ஏன் நம்மிடம் வந்தார்கள்? அங்கே வரும் நோயாளிகளில் பெரும்பகுதி நம்மவர்கள் என்பதால். நோயாளிகளின் குடும்பங்கள் எதிர்த்து நின்றால் நர்சுகள் என்ன செய்தாலும் நிலைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நோயாளியைப் போட்டுட்டு நர்சுப் பிள்ளைக வெளியே வந்து கொடி பிடிச்சா அது பாவமில்லையா? நம்ம ஊர்ல ஒத்துக்கிடுவாங்களா?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "அண்ணாச்சி, எம் மக ராத்திரி முப்பத்திரண்டு பேரைப் பாத்துட்டு வாரா. ரெண்டு மாசமா கையில காசு இல்லை. ரயில் பாஸுக்கு நாந்தான் கொடுக்கேன், நாலு வீட்டுல பாத்திரம் தேச்சு. பாவம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க." அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி உட்காரவில்லை. அது பல வீடுகளில் இருக்கும் கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நர்சுகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. செய்வதாக இருந்தாலும் இப்போதைய சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதையும் இன்னும் கொடுக்கவில்லை. அவர்கள் செய்தது இரண்டே காரியம். சம்மதக் காகிதத்தில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. பிறகு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் வாங்கினார்கள். அந்தக் கடிதத்தில் சம்பளத்தைக் கொடு என்று எழுதும் முன்பே, கணக்கைக் காட்டு என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துத் தணிக்கை அறிக்கை வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அரசுக் காப்பீட்டுத் திட்டமும் பாக்கி வைத்திருக்கும் தொகை என்ன. கடனில் வாங்கிய இயந்திரங்களுக்கு மாதா மாதம் எவ்வளவு போகிறது. எங்கள் சம்பளத்தில் பிடித்த பி.எப். கட்டப்பட்டதா, ஆஸ்பத்திரி நிலத்தைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். அதற்கு முன் நஷ்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்களில் சிலர் ரயில்வேயில் கணக்கெழுதி வயிறு வளர்க்கிறவர்கள். மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்காதவர்கள். ஆனால் வரவு வேறு, வரவேண்டியது வேறு என்பது எங்களுக்குத் தெரியும். சரக்கை ஏற்றி அனுப்பியாகிவிட்டது. கட்டணம் வந்து சேரவில்லை. அது பாக்கி வசூல் பத்தியில் நிற்கிறது. அதற்குப் பெயர் நஷ்டமல்ல, கைமுடை. இன்றைய ஆஸ்பத்திரிகளின் நிலை பெரும்பாலும் இதுதான். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுகிறார். இன்ஷூரன்ஸ் பில்லுக்குப் பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது. சில பில்களில் பாதியை வெட்டிவிட்டுத் தருகிறார்கள். அரசுத் திட்டத்தில் ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று விலை கட்டியிருக்கிறார்கள். அதுவும் கையோடு வருவதில்லை. மருந்துக் கம்பெனி காத்திருக்காது, மின்சாரக் கம்பெனி காத்திருக்காது, இயந்திரத்துக்குக் கடன் கொடுத்த வங்கி காத்திருக்கவே காத்திருக்காது. பெரிய டாக்டர்களோ பில்லிலிருந்து தங்கள் பங்கைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். காத்திருக்கக்கூடியவர் யார் என்று பார்த்தால் மிஞ்சுவது நர்சும், வார்டு பாயும், மௌசி என்று நாம் கூப்பிடும் ஆயாவும்தான்.

அதாவது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நர்சு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறாள். இரண்டு மாதச் சம்பளத்தை அவள் அப்படித்தான் கொடுத்திருக்கிறாள். இந்தக் கடனை வாங்கியவர்கள் அதைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக, உன் சம்பளத்திலேயே கால் பங்கை வெட்டுகிறோம் என்கிறார்கள்.

உண்மையான நஷ்டமும் உண்டு. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் செலவு வரவைவிட அதிகம், பாக்கியெல்லாம் வசூலானாலும் கட்டுப்படியாகாது என்ற நிலை சில ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கிறது. அப்படி இருந்தால் கணக்கு அதைச் சொல்லும். கைமுடைக்கு மருந்து வேறு, நஷ்டத்துக்கு மருந்து வேறு. எந்த நோய் என்று பார்க்காமலே நர்சின் கையைத்தான் முதலில் வெட்டுவோம் என்பது எந்த வைத்தியம்?

இனி நிலத்துக்கு வருவோம். மும்பைக்காரர்களுக்கு, அதிலும் நம் போன்றவர்களுக்கு, இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பரேல், லால்பாக் பக்கம் பல மில்கள் அதற்குப் பிறகு பழையபடி திறக்கவே இல்லை. மில் நஷ்டம், மில் நஷ்டம் என்றே முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மில் நஷ்டமாக இருந்திருக்கலாம். அது நின்ற நிலமோ தங்கமாக இருந்தது. 1991-ன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள், மில் நிலத்தில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்த வெளியாகவும், ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கும், மீதி முதலாளிக்கும் என்று ஏற்பாடு செய்தன. 2001-ல் ஒரு திருத்தம் வந்தது: கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும். அதற்குப் பிறகு பரேலில் எழுந்ததையெல்லாம் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். தாராவியில் இருக்கும் நம் வாசகர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூடத் தேவையில்லை. நிலத்தின் விலை ஏறினால் அதன்மேல் குடியிருப்பவனின் விலை என்ன ஆகும் என்று அவர்களுக்கு வாசலிலேயே தெரிகிறது.

ஆகவே இந்த நகரத்தில் எந்த நிர்வாகமாவது நஷ்டம் என்று சொன்னால், எத்தனை சதுர அடி என்று கேட்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

நல்ல வேளையாக டிரஸ்டு ஆஸ்பத்திரி மில் அல்ல. மஹாராஷ்டிரத்தின் பொது டிரஸ்டுகள் சட்டம் 1950-லிருந்து இருக்கிறது. அந்தச் சட்டப்படி டிரஸ்டின் கணக்கு தணிக்கை செய்யப்பட வேண்டும்; டிரஸ்டின் நிலத்தையோ கட்டடத்தையோ விற்க வேண்டுமானால் தர்ம ஆணையரின் முன் அனுமதி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பல குடும்பங்கள் அறியாமலே ஆயிரக்கணக்கில் பில் கட்டிவிட்டு வருகின்றன. பம்பாய் ஹைகோர்ட் வகுத்து 2006 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி, டிரஸ்டு ஆஸ்பத்திரிகள் படுக்கைகளில் நூற்றுக்கு 10-ஐப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10-ஐ நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். அவசர நோயாளியை முன்பணம் கேட்காமல் சேர்க்க வேண்டும். இந்தச் செலவுக்கென்று, போடும் மொத்த பில் தொகையில் நூற்றுக்கு 2 தனியாக ஏழை நோயாளிகள் நிதியில் சேர வேண்டும். மாதம் ஒரு கோடிக்கு பில் போட்டால் 2 லட்சம்.

120 படுக்கையில் கணக்குப் போடுங்கள். 12 இலவசம், 12 சலுகை. மொத்தம் 24 படுக்கை. நம் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னோம்: அந்த ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எத்தனை பேர்? முப்பதுக்கு மேல் கைகள் எழுந்தன. இப்படி ஒரு படுக்கை உண்டு என்று உங்களிடம் சொன்னார்களா? இரண்டு கை. அந்த நிதியில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது என்பதும் நர்சுகள் கேட்கும் கணக்கில் சேர்ந்ததுதான்.

பேச்சுவார்த்தை மேஜையில் நிர்வாகத்தின் வக்கீல் சொன்னதை யூனியன் செயலாளர் நம்மிடம் சொன்னார். "நாங்கள் தர்ம ஸ்தாபனம். தொழிற்சாலை அல்ல. தொழில் தகராறுச் சட்டமெல்லாம் எங்களிடம் பேசாதீர்கள்" என்றாராம். இது இன்று நேற்றுச் சொல்லப்படும் பேச்சல்ல. இதற்கு முதலில் பதில் வாங்கிக் கொடுத்ததும் இதே மும்பையின் ஆஸ்பத்திரித் தொழிலாளிகள்தான். 1950-களில் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்த இரண்டு பெண்களை அரசு வீட்டுக்கு அனுப்பியது. சிவில் சப்ளைஸ் இலாகாவில் ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்கு அந்த இடங்களைக் கொடுப்பதற்காக. நஷ்ட ஈடும் தரவில்லை. ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா என்ற அவர்களது யூனியன் கோர்ட்டுக்குப் போனது. ஆஸ்பத்திரி என்பது தொழிலே அல்ல என்று அரசு சுப்ரீம் கோர்ட் வரை வாதாடியது. 1960-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளி, ஆஸ்பத்திரியும் சட்டத்தின் கீழ் தொழில்தான், அந்தப் பெண்களை நீக்கியது செல்லாது என்றது. வார்டு கூட்டிய இரண்டு பெண்களால் நாடு முழுவதுமுள்ள ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

1970-ல் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி வழக்கில் அதே கோர்ட் அதை மாற்றியது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பின் மூலம், ஆஸ்பத்திரியை மறுபடி சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது 2020-ல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம, சமூக சேவைகளில் முழுமையாகவோ கணிசமாகவோ ஈடுபட்டிருக்கும் அமைப்புகளின் நிறுவனங்களைத் தொழில் என்ற சொல்லிலிருந்து விலக்கி எழுதியிருக்கிறது. வக்கீலின் கை அந்த வரியின் மேல் இருக்கிறது.

நல்லது. தர்ம ஸ்தாபனம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 24 படுக்கை எங்கே? நர்சு சட்டத்தைக் காட்டும்போது நாங்கள் தர்மம் என்பது. ஏழை படுக்கையைக் கேட்கும்போது எங்களுக்கு நஷ்டம் என்பது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல விட முடியாது. கணிசமாகத் தர்மம் செய்வதாக நிரூபிக்க வேண்டுமானால் அவர்கள் தர்மக் கணக்கைக் காட்டியாக வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் தொழில் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். எந்தக் கதவைத் திறந்தாலும் கணக்குப் புத்தகம் வெளியே வரும். அதனால்தான் நர்சுகளும் நோயாளிகளின் குடும்பங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்கிறோம்.

இன்னொன்று. சம்பளத்துக்கென்று தனிச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அதில் தர்ம ஸ்தாபனத்துக்கு இப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். தொழிலாளியிடம் பிடித்த பி.எப். பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகள் கைப்பேசியிலேயே தங்கள் பி.எப். பாஸ்புக்கைப் பார்க்கலாம், நம் 11 பேரில் நாலு பேர் அன்று கூட்டத்திலேயே பார்த்தார்கள். ஐந்து மாதமாக வரவு இல்லை. சம்பளமே இரண்டு மாதமாகத்தான் நின்றிருக்கிறது. அதற்கு முந்தைய மூன்று மாதமும் சீட்டில் பிடித்தம் காட்டிய பணம் எங்கே?

மூடுகிறோம் என்று மிரட்டினாலும் தொழில் சட்டம் ஒன்று சொல்கிறது. ஒரு நிறுவனத்தை மூடினால் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் அது மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் வெறும் பண நெருக்கடி தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று பழைய சட்டத்திலும் எழுதியிருந்தது, புதிய தொகுப்பிலும் எழுதியிருக்கிறது. நிர்வாகம் எந்தச் சொல்லை ஆயுதமாக எடுத்ததோ, அந்தச் சொல்லையே சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நம் பெண்ணுக்கு வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும், வளைகுடாவுக்குப் போகலாம், எதற்கு இந்த வம்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. பெண்களும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் பதினைந்து பேர் போய்விட்டார்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் இடங்களில் அப்படிப் போவதும் சுலபமில்லை. 2011 அக்டோபரில் இதே மும்பையில், ஒப்பந்தப் பாண்டில் சிக்கிச் சான்றிதழை மீட்க முடியாமல் தவித்த ஒரு இளம் நர்சு உயிரை விட்டாள். அதற்குப் பிறகுதான் இங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் வெளியே வந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சரி, பூட்டு இல்லை, போகலாம் என்றே வைத்துக்கொள்வோம். போனவர்களின் படுக்கைகளை யார் பார்ப்பது?

சாதாரண ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நாம் சொன்ன அந்தத் தாயின் மகள் வேலை செய்யும் வார்டில் 32 படுக்கை. இரவில் இரண்டு நர்சு. அதில் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அடிக்கடி இழுத்துக்கொள்கிறார்கள். மீதி ஒருத்தி. பன்னிரண்டு மணி ஊசியைப் போட்டு முடிக்கும்போது மணி ஒன்றே முக்கால். ஒரு மூலையில் சலைன் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறி நிற்கிறது. இன்னொரு மூலையில் ஆபரேஷன் ஆனவர் வலியில் கத்துகிறார். படுத்தே கிடக்கும் கிழவரைத் திருப்பிப் போட ஆள் இல்லாததால் முதுகில் புண் வருகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? "ஏ சிஸ்டர், எத்தனை தடவை கூப்பிடறது? சம்பளம் வாங்கலையா நீ?" என்று கத்துகிறோம். போன மாதம் நம் உறுப்பினர் ஒருவரே அப்படிக் கத்தியிருக்கிறார். அவருக்குத் தெரியாது, அவள் வாங்கவில்லை என்று. அந்தப் பெண் பதில் சொல்லாமல் சலைனை மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். தமிழ்ப் பெண். எல்லாம் புரிந்திருக்கும்.

பாவம் எது என்று அண்ணாச்சி கேட்டாரே, அதற்கு எங்கள் பதில் இந்த வார்டில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிகள் கட்டுப்படியாகாது என்று சொல்லுவது எங்கும் உள்ளதுதான். தனியார் நர்சுகளின் சம்பளத்தைப் பற்றி சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி அமைந்த குழு 2016-ல் சிபாரிசு செய்தது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்குச் சமம், 100-க்கு மேல் என்றால் அதிலிருந்து நூற்றுக்கு 10-க்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25-க்கு மேல் குறையக் கூடாது, 50-க்கும் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 120 படுக்கை வைத்துக்கொண்டு 18,000 தருபவர்கள் அதிலும் கால் பங்கை வெட்ட வருகிறார்கள். சிபாரிசு சட்டமல்லவே என்பார்கள். கேரளத்து நர்சுகள் 2017-ல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, அவசர சிகிச்சை தவிர மற்றதை நிறுத்திவிடுவோம் என்று அங்கே ஆஸ்பத்திரி முதலாளிகளின் சங்கமும் அறிவித்தது. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நர்சுகள் நடைப்பயணம் கிளம்ப இருந்த நாளுக்கு முந்தைய இரவு, 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக்கி அரசாணை வந்தது. நம் செயலாளர் சகோதரி அப்போது மாணவி. தன் அக்கா நடப்பதற்காகப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி, நம் சங்கத்துக்குள்ளேயே கருத்து வேற்றுமை வந்த இடம். யூனியன் கிளை நிர்வாகத்துக்குப் பிடிவாதமாக மறுப்பு மட்டும் சொல்லவில்லை. ஒரு மாற்றுத் திட்டம் கொடுத்திருக்கிறது. கணக்கைப் பார்த்த பிறகு, கைமுடை உண்மை என்று தெரிந்தால், 25,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியை நாலு மாதம் தள்ளி வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் அது ஆஸ்பத்திரி எங்களுக்குத் தரவேண்டிய கடன் என்று தேதி போட்டு எழுதித் தர வேண்டும். மேல் மட்டச் சம்பளங்களில் முதலில் கை வைக்க வேண்டும். ஒருவரையும் நீக்கக் கூடாது. வாராவாரம் வசூலாகும் பாக்கியை யூனியன் பிரதிநிதி ஒருவருக்குக் காட்ட வேண்டும்.

இது சரணாகதி என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். ஒரு பைசாவும் விடக்கூடாது என்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. தள்ளிவைப்பது வேறு, வெட்டுவது வேறு. தள்ளிவைத்த சம்பளம் பாக்கி. நாளை கோர்ட்டுக்குப் போனாலும் கையில் காகிதம் இருக்கும். வெட்டுக்குப் போட்ட கையெழுத்து பாக்கியையே அழித்துவிடும். ஆஸ்பத்திரி மூடினால் நர்சுக்கு வேலை போகும், நமக்கு 120 படுக்கை போகும். ஏற்கெனவே தரையில் பாய் விரித்துப் படுக்கும் சயான் ஆஸ்பத்திரிக்குத்தான் எல்லோரும் போய் நிற்க வேண்டும். எங்களில் சிலருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு, உங்களில் சிலருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தோல் வேலை, இட்லி வியாபாரம், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு என்ன உண்டு? ஆஸ்பத்திரியையும் காப்பாற்ற வேண்டும், சம்பளத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிற யூனியனைக் கோழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

எங்கள் வாய்க்கு அந்த உரிமையும் இல்லை. 2020-ல் கொரோனா நேரத்தில் நம் பகுதி நர்சிங் ஹோம் ஒன்றில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். அங்கே இருந்த நம் பெண்கள் சங்கத்துக்கு வந்து என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். உலகமே ஸ்தம்பித்துக் கிடக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னவர்கள் நாங்கள். கணக்கைக் கேள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்டார்கள். எட்டு மாதத்தில் அது மூடியது. ஒருவருக்கும் பாக்கி வரவில்லை, கையெழுத்துப் போட்டதால் கேட்கவும் முடியவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு கார் ஷோரூம் இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி அன்று கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

கூட்டத்தில் எடுத்த முடிவு இது. அந்த ஆஸ்பத்திரியில் கடந்த மூன்று வருஷத்தில் சிகிச்சை பெற்ற குடும்பங்கள், பில், டிஸ்சார்ஜ் சீட்டு, ரேஷன் கார்டு இவற்றின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இலவச, சலுகைப் படுக்கைக்கான இப்போதைய வருமான வரம்பை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு மாலையில் இருப்பவர்கள் சொல்லுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வோர்லியிலுள்ள தர்ம ஆணையர் அலுவலகத்தில் ஒரு மனுவாகக் கொடுக்கிறோம். தணிக்கை அறிக்கையையும் ஏழை நோயாளிகள் நிதிக் கணக்கையும் பார்க்க வேண்டும், நிலத்தை விற்க அனுமதி கேட்டு எந்த மனு வந்தாலும் எங்களைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் மனு. நர்சுகளின் கடிதத்தின் நகலும் அதோடு போகும்.

வருகிற ஏழாம் தேதி சம்பள நாள். அன்று காலை ஏழு மணிக்கு இரவு டியூட்டி முடித்து இறங்கும் நர்சுகளோடு ஆஸ்பத்திரி வாசலில் கறுப்புப் பட்டை அணிந்து அரை மணி நேரம் நிற்கப் போகிறோம். கோஷம் கிடையாது, உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வரும் வழியில் யாரும் நிற்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் ஏழரைக்குக் கிளம்பிவிடலாம். டீ சங்கத்தின் செலவு. அண்ணாச்சி கெட்டிலைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.